பசியாறியாச்சா? நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பசியும் சந்தாவும்



தமிழ்நாட்டிலிருந்து வருகின்ற விருந்தினர் சிலர் நம்மிடம் வியப்போடு கேட்பதுண்டு. "காலை உணவைப் 'பசியாறல்' என்கிறீர்களே, அழகாக இருக்கிறதே!" என்பார்கள். நாமோ அதனை அழகென்று எண்ணிப் பார்த்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து ஓடி, பால்காட்டில் மரம் வெட்டி, ஒன்பது பத்து மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறக்கின்ற மக்களுக்கு அந்த வேளை உணவின் பெயர் வேறு எதுவாக இருந்திருக்க முடியும்? 'பசியாறியாச்சா?' என்பது நம் பாட்டன் பாட்டிமாருக்கு வணக்கத்தைப் போன்றதொரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுத வேண்டிய தேவை 2023ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்தது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வந்தனர். அவர்களுள் இருவர் என் முன்னாள் மாணவர்கள். பசியில் வாடும் குடும்பங்களுக்கு உதவ நிதி திரட்டப் போவதாகச் சொன்னார்கள். முப்பது மணி நேரம் உண்ணாமல் இருப்பார்களாம். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் இவ்வளவு என்று அன்பர்களிடம் பணம் பெறுவார்களாம். உலகின் பல நாடுகளில் நடக்கும் நிகழ்ச்சிதான். மலேசியாவிலும் பல ஆண்டுகள் நடந்துள்ளது. "ஐயா, சிறப்பிதழுக்குத் தோட்டத்துப் பசியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டனர்.

எழுதுவதற்கு முன் அதே தோட்டத்தில் வாழ்ந்துவரும் தொண்ணூறு அகவை கடந்த பாட்டி ஒருவரைக் காணச் சென்றேன். பிள்ளைகளின் திட்டத்தை விளக்கினேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு பொக்கை வாய் நிறையச் சிரித்துவிட்டார். "பட்டினி கெடக்கறதுக்குக் காசு குடுக்கறாங்களா வாத்தியாரே? எங்க காலத்துல அப்படிக் குடுத்திருந்தா நாங்க தோட்டத்தையே வாங்கியிருப்போமே!"

நானும் சிரித்தேன். வீட்டிற்கு வந்தபின் அந்தச் சிரிப்பு எனக்கு நிலைக்கவில்லை. ஏனெனில் பாட்டி சொன்னது முழுவதும் நகைச்சுவை அன்று. தோட்டம் வாங்கிய கதையும் நம் வரலாற்றில் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பசிக்கு நிதி திரட்டுவது தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலையைப் பாடமாகப் படித்தவர்கள் ஆபுத்திரனை மறந்திருக்க மாட்டார்கள். அமுதசுரபியை ஏந்தி மதுரையில் ஊருக்கெல்லாம் சோறிட்டவன் அவன். மழை பெய்து நாடு செழித்தபின் அவனிடம் உண்ண வருவோர் இல்லை. சாவகத்தில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கலத்தில் வந்தவர்கள் சொல்லக் கேட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் அவனை அறியாது விட்டுவிட்டுக் கலம் போய்விடுகிறது. ஊட்டுவதற்கு யாருமில்லாத தீவில், தன் ஒரு வயிற்றுக்கு மட்டும் அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறான். சாவகம் என்பது நம் தென்கிழக்காசியத் தீவுகளின் பக்கம் என்பர் அறிஞர். ஆக, இந்தத் திசை நோக்கிச் சோற்றுப் பாத்திரத்தோடு புறப்பட்ட முதல் தமிழ் இளைஞன் வந்து சேரவே இல்லை! நம் மூதாதையர் வந்தபோது அவர்கள் கையில் அமுதசுரபி இல்லை, வெறும் கைதான்.

தோட்டத்துப் பசி எப்படிப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சோறு இல்லாத பசி அன்று அது. கூலி போதாத பசி. மலாயா தான் உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்தது. நிலமெல்லாம் பால்மரம். பால்மரத்தைத் தின்ன முடியாது. அரிசி கடையில் இருக்கும். பற்றுக்கணக்கில் வாங்க வேண்டும். சம்பள நாளன்று கணக்கைத் தீர்த்தால் கையில் மிஞ்சுவது சில காசுகள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வேலையில்லை. வேலையில்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. வானம் இருண்டால் உழவன் மகிழ்வான். பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு யோசிக்கும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தைப் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைச் சொல்லும்போதுதான் நாம் எடுத்துக்காட்டுகிறோம். ஏழு முதல் பதினான்கு அகவைக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும். பழந்தமிழ்க் கணக்கில் பதினாறில் ஒன்று என்பது வீசம். ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை அழித்து மரம் நட்டவனுக்கு ஒரு வீசம்! முருங்கையும் கீரையும் மிளகாய்ச் செடியும் ஆடு கோழியும் அந்த வீசத்தில்தான் வளர்ந்தன. பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இரப்பர் விலை சரிந்தது. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பின்னர் இன்னும் இறங்கியது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. 1930 முதல் 1933 வரையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டார்கள். பசியைத் தீர்க்க நிர்வாகம் கண்ட எளிய வழி, பசித்தவனைக் கப்பலேற்றி விடுவது. எஞ்சியோர் குறைந்த கூலிக்கு மரம் வெட்டினர். விலை ஏறிய பின்னும் கூலி உடனே ஏறவில்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளரை அனுப்புவதையே நிறுத்தியது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அதில் முன்னின்றார். அது நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் பரவியது. அவர்களின் கோரிக்கைப் பட்டியலை நான் வகுப்பில் படித்துக் காட்டுவதுண்டு. கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடையை மூடுதல். இவற்றோடு, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்குதல். மாணவர்கள் சைக்கிள் கோரிக்கையைக் கேட்டுச் சிரிப்பார்கள். கூலிக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்பார்கள். வயிறும் மானமும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டது தற்செயல் அன்று. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே ஜப்பானியர் வந்துவிட்டனர்.

'ஜப்பான்காரன் காலம்' என்று சொன்னால் பாட்டியின் முகம் மாறிவிடுகிறது. அப்போது அவருக்குப் பத்துப் பதினொரு அகவை. பர்மா அரிசி வருவது குன்றியது. கப்பல்கள் போருக்கு இழுக்கப்பட்டன. இதே பர்மா அரிசி நின்றுபோனது வங்கத்தையும் தாக்கிற்று. 1943இன் வங்கப் பஞ்சத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே அரிசியை நம்பியிருந்தவர்கள் ஒரே காலத்தில் பட்டினி கிடந்தார்கள்.

தோட்டங்களில் ஆண்களைச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குப் பிடித்துச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். திரும்பாதவரும் பல்லாயிரம் பேர். லயத்தில் எஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும். உணவென்றால் மரவள்ளிக் கிழங்கு. உடையென்றால் கோணிச் சாக்கு. "காலையிலயும் கெழங்கு, ராத்திரியும் கெழங்கு. எங்கப்பா சயாமுக்குப் போனாரு. போனவருதான்" என்றார் பாட்டி. அதற்குமேல் அதைப்பற்றி நான் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பகாவிலேயே நடந்த ஒன்றை நம்மவர் பலர் அறியார். சிங்கப்பூரின் உணவுத் தட்டுப்பாட்டைக் குறைக்க எண்ணிய ஜப்பானிய ஆட்சி, 1943இன் இறுதியில் யுரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் பகாவ் காட்டுக்குக் கொண்டுவந்து, "நீங்களே பயிரிட்டு உண்ணுங்கள்" என்றது. ஆசிரியர்களும் எழுத்தர்களுமாக வாழ்ந்த மக்கள். மண்வெட்டி பிடித்து அறியாதவர்கள். மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டன. அவர்களை அழைத்துவந்த ஆயர் தெவால்ஸ் 1945 சனவரியில் மறைந்தார். ஒரே வட்டாரத்தில், காட்டின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நம்மவர்கள். நகரத்துப் பள்ளியில் படித்தவனையும் தோட்டத்தில் பிறந்தவனையும் அந்த மூன்றரை ஆண்டுகள் ஒரே கிழங்குக்கு முன் உட்கார வைத்தன.

போர் முடிந்தபின் வந்த காலமே இந்தக் கட்டுரைக்கு அச்சாணி. ஜப்பானியப் பணம் ஒரே நாளில் வெற்றுத் தாளானது. அரிசிப் பங்கீடு குறைவு. விலையோ பல மடங்கு. அப்போது இளைஞர்கள் என்ன செய்தார்கள்?

கெடாவில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தனர். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். சம்பள நாளில் கூலி எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அதை அரிசிப் பானைக்குத் திருப்ப முயன்றார்கள். 1947இல் பீடோங்கில் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. அந்த இயக்கம் அதன்பின் நிலைக்கவில்லை.

நெகிரி செம்பிலானில் வேறொரு வழி. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் செயலாற்றிய பி.பி.நாராயணன் 1923இல் கேரளத்தில் பிறந்தவர். கணக்கிட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். இன்றைக்கு நாம் 'பையன்' என்று சொல்லக்கூடிய அகவை! இத்தகைய இளைஞர்கள்தாம் மாலை நேரங்களில் லயம் லயமாகச் சென்று சந்தா வாங்கினர். பசித்தவனிடமே போய்க் காசு கேட்டனர். இது முறையா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் தருமத்திற்குத் தரும் பணம் ஒருவேளைப் பசியைத்தான் தீர்க்கும். சந்தா கூலியையே உயர்த்தும் என்று அவர்கள் நம்பினர். ஊர்க் கோயிலுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பழகிய தாய்மாருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை.

1948இல் அவசரகாலச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் பல முடங்கின. கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த அச்சத்தின் நடுவிலும் தோட்டச் சங்கங்கள் சில தப்பிப் பிழைத்தன. 1954இல் அவை ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார்; 1962இல் மகசேசே விருதையும் பெற்றார். பிற்காலத்தில் அச்சங்கத்தின் மீது பல குறைகள் சொல்லப்பட்டன. மாதச் சம்பளக் கோரிக்கை எத்தனை ஆண்டுகள் இழுபட்டது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். எனினும், 1940களில் சந்தா கொடுத்த அந்தக் கைகளை அதற்காகக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஐம்பதுகளில் அந்தக் கைகள் இன்னொன்றுக்கும் நீண்டன. 'தமிழ் முரசு' கோ.சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ஆளுக்கொரு வெள்ளி கேட்டார். மாணவர் மணிமன்றத்தில் வளர்ந்த இளைஞர்கள் அக்காலத் தமிழுணர்வுக்கு உரமானார்கள். மரம் வெட்டுகிறவரும் தந்தார். ஒரு வெள்ளி என்பது அன்று சிறு தொகையன்று. தாம் ஒருபோதும் நுழையாத நூலகத்திற்காகத் தந்தார்கள்.

பிறகு தோட்டத் துண்டாடல். வெள்ளையர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. முதல் தவணை பத்து வெள்ளி. தோட்டம் தோட்டமாகச் சென்று அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னாரே, "தோட்டத்தையே வாங்கியிருப்போமே" என்று! வாங்கத்தான் செய்தார்கள். பட்டினி கிடந்ததற்கு யாரும் காசு தரவில்லை. பட்டினி கிடந்தவர்களே காசு தந்து வாங்கினார்கள்.

அதே 1960இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் பட்டினி ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் தலைமை இயக்குநர் பி.ஆர்.சென், வங்கப் பஞ்சக் காலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்தவர். பிணங்களைக் கண்ணால் கண்டவர். 1963 மார்ச் 21இல் பல நாடுகள் அந்த இயக்கத்திற்காக அஞ்சல் தலை வெளியிட்டன, மலாயாவும் வெளியிட்டது. பல நாடுகளில் இளைஞர்கள் நடைப்பயணம் நடந்து நிதி திரட்டினர். இன்றைய முப்பது மணி நேரப் பட்டினியும் அந்த மரபின் வாரிசு என்றே கருதுகிறேன். அதை நான் இழிவாக எண்ணவில்லை. பசியே அறியாத பிள்ளை ஒருநாள் பசித்திருந்து பார்ப்பது நல்ல பாடம். ஆனால் நம் தோட்டத்தில் அந்தப் பாடம் யாருக்கு?

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில், ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், தோட்டப் பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் நாள்தோறும் முதல் பாடவேளையில் தூங்குவான். கண்டித்தேன். ஒருநாள் வகுப்பு முடியும் வரை நிற்கவும் வைத்தேன். நின்றவன் சரிந்து விழுந்தான். முதல்நாள் மதியத்திற்குப் பிறகு அவன் எதுவும் உண்டிருக்கவில்லை. மழைக்காலம், தந்தைக்கு வேலையில்லை. 1979 முதலே அரசுப் பள்ளிகளில் துணை உணவுத் திட்டம் இருந்து வருகிறது. ஆனால் அவன் பெயர் பட்டியலில் இல்லை. வருமானச் சான்று வந்து சேரவில்லையாம். காகிதம் வராததால் கஞ்சி இல்லை. 'பசியாறியாச்சா?' என்று ஊரையெல்லாம் கேட்கும் நான், அவனிடம் அதைக் கேட்கவில்லை.

2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், உதவி வேண்டுவோர் வீட்டின் முன் வெள்ளைக்கொடி கட்டினால் போதும் என்ற வேண்டுகோள் நாடெங்கும் பரவியது. இனம் பாராமல் அண்டை அயலார் அரிசியோடும் முட்டையோடும் ஓடி வந்தனர். என் முன்னாள் மாணவர்கள் அப்போது மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். அவர்கள் சொன்ன ஒன்று என்னை உறுத்தியது. உண்மையில் வறுமையில் வாடிய சில வீடுகளில் கொடி ஏறவே இல்லையாம். "வெக்கமா இருக்கு தம்பி" என்றார்களாம்.

இவற்றையெல்லாம் எழுதிக் கொண்டுபோய் இளைஞர்களிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் கேட்டார்கள். ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. படித்துவிட்டு நெடுநேரம் வாதிட்டார்கள். ஒருவன், "படம் எடுத்துப் போடாவிட்டால் யார் பணம் தருவார்கள்?" என்றான். இன்னொருவன், "என் பாட்டி சாப்பாட்டுப் பையோடு நிற்கும் படத்தை நீ போடுவாயா?" என்று கேட்டான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிவில் முப்பது மணி நேரப் பட்டினி கைவிடப்பட்டது. மண்டபத்தில் ஒருவேளை உணவு விற்பனை என்று ஏற்பாடு செய்தார்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கு, கட்டைச் சம்பல், கருவாடு, வரக்காப்பி. தட்டு பத்து ரிங்கிட். அதோடு மாதம் ஐந்து ரிங்கிட் தர விரும்புவோர் பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். பெறுகிறவர் யாரென்று எங்கும் அறிவிப்பதில்லை. அருகிலுள்ள பள்ளியில் பட்டியலுக்குள் வராத பிள்ளைகளின் காலைப் பசியாறலுக்கு அந்தப் பணம் போகும்.

பாட்டியும் வந்திருந்தார். தட்டை முன்னால் வைத்தோம். பார்த்தார், தொடவில்லை. "இத இனிமே என்னால திங்க முடியாதுய்யா" என்று ஒரு காப்பி மட்டும் வாங்கிக் குடித்தார். பத்து ரிங்கிட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். ஐந்து ரிங்கிட்டைக் கையில் பிடித்தபடியே, "ரசீது எங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். "சங்கத்துக்குச் சந்தா கட்டுனப்பக்கூட ரசீது குடுத்தாங்க. ரசீது இல்லாம நான் காசு குடுத்ததில்ல" என்றார்.

மறுவாரமே ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்தது. முதல் ரசீது பாட்டியின் பெயரில். இப்போது நோட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பழைய சங்கச் சந்தா அட்டையோ, நிலநிதிப் பங்குச் சான்றிதழோ, கடைப்பற்றுப் புத்தகமோ இருந்தால் வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்து, அதிலுள்ள தொகையையும் தேதியையும் வாசிக்கச் சொல்லுங்கள்.